கோடிங்கிலிருந்து கன்சல்டிங்குக்கு: விடையை முதலில் சொல்லுங்கள்

பல வருடம் பேக்எண்ட் எஞ்சினியராக இருந்துவிட்டு கம்பெனிகளின் தொழில் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் மேனேஜ்மென்ட் கன்சல்டிங்குக்கு வந்தவள் நான். இப்போது இன்டர்வியூ எடுக்கிறேன். டெக்கிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கணக்கில் தடுமாறுவதில்லை, சொல்லும் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். லாக் பார்த்தேன், கேஷ் (cache) மாற்றினேன், அப்புறம் டேட்டாபேஸ் என்று போய்க் கடைசியில்தான் பலனுக்கு வருவார்கள். கிளையன்ட்டுக்கு விடை முதல் வரியிலேயே வேண்டும்.

ரெஸ்யூமேயிலிருந்தே தொடங்குங்கள். "பேமென்ட் சிஸ்டத்தை மைக்ரோசர்வீஸாக மாற்றினேன்" என்றால் படிப்பவருக்கு எதுவும் புரியாது. "தோல்வியடையும் பேமென்ட்டுகளை 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைத்தேன்" என்றால் புரியும். உங்கள் வேலையின் பலன் எண்ணில் தெரியாவிட்டால் பிராடக்ட் மேனேஜரிடமோ ஃபைனான்ஸ் ஆட்களிடமோ போய்க் கேளுங்கள். அந்தப் பேச்சே நல்ல பயிற்சி.

அடுத்தது கேஸ் இன்டர்வியூ, அதாவது ஒரு கம்பெனியின் பிரச்சினையைக் கொடுத்து அங்கேயே அலசச் சொல்லும் சுற்று. அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். ஒரு கம்பெனியின் வருமானம் 200 கோடியிலேயே நிற்கிறது, லாபம் மட்டும் 20 சதவீதத்திலிருந்து 15 ஆக இறங்கிவிட்டது, ஏன் என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "40 கோடி லாபம் 30 ஆகிவிட்டது, செலவு 160லிருந்து 170 ஆகியிருக்கிறது" என்று முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். உடனே செலவைக் குறைக்கும் யோசனைக்குத் தாவாதீர்கள். விலையைக் குறைத்து அதிகமாக விற்றிருந்தாலும் வருமானம் அப்படியே நிற்கலாம், செலவு ஏறலாம். அதனால் விலை, விற்ற அளவு, ஒரு பொருளுக்கான செலவு, நிலையான செலவு என்று பிரித்துக் கேளுங்கள். ஒன்றோடொன்று கலக்காமல், எதுவும் விடுபடாமல் பிரிக்கும் இந்த முறையை மெக்கின்சி என்ற கன்சல்டிங் கம்பெனியில் வேலை பார்த்த பார்பரா மின்டோ 1960களில் வகுத்தார். மாட்யூல் பிரித்துப் பழகிய நமக்கு இது இயல்பாக வரும்.

தனியாக உட்கார்ந்து படித்தால் போதாது. எதிரே ஒருவரை உட்காரவைத்து, கால்குலேட்டர் இல்லாமல், பேசிக்கொண்டே கேஸ்களைப் போட்டுப் பாருங்கள். முடிவில் ஒரு பரிந்துரையைச் சொல்லியே தீர வேண்டும். இன்னும் டேட்டா வேண்டும் என்று நழுவக்கூடாது.

எம்பிஏ கட்டாயமில்லை. அனுபவசாலிகளை நேரடியாக எடுக்கிறார்கள். மெக்கின்சி 2015இல் வாங்கிய டேட்டா அனலிட்டிக்ஸ் கம்பெனியான குவாண்டம்பிளாக், பாஸ்டன் கன்சல்டிங் குரூப் (பிசிஜி) 2022இல் தொடங்கிய பிசிஜி எக்ஸ் போன்ற பிரிவுகளில் டெக் ஆட்களுக்கு இடம் உண்டு. ஆனால் ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: நான் கோட் எழுதுவேனா, உத்தி வகுக்கும் புராஜெக்ட்டில் உட்காருவேனா? பிறகு பிரிவு மாற முடியுமா? எந்த லெவலில் சேர்ப்பார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். உங்கள் டெக் அனுபவத்தை முழுதாகக் கணக்கில் எடுக்காமல் போகலாம்.

சொந்த அனுபவம் பற்றிய கேள்விக்கு ஒரே சம்பவத்தை ஆழமாகத் தயார் செய்யுங்கள். மெக்கின்சியில் அதைத் தோண்டித் தோண்டிக் கேட்பார்கள். உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரை எப்படிச் சம்மதிக்கவைத்தீர்கள், அவர் என்ன சொன்னார், பதிலுக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதுவரை நினைவில் இருக்கட்டும். "நாங்கள் செய்தோம்" என்பதைத் தள்ளிவைத்து, நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள்.