புதைத்தவரைத் தேடுங்கள்: குறிசொல்லியும் புதையலும் வரும் சாகச நாவலை எழுதும் முறை

அகநானூற்றின் 265ஆம் பாட்டில், பொருள் தேடிப் பிரிந்த தலைவன் இன்னும் திரும்பாததை எண்ணி வருந்தும் தலைவி, நம்மை மறந்து அங்கேயே தங்கிவிடும்படி அவருக்குக் கிடைத்த பொருள்தான் எது, நந்த மன்னர்கள் பாடலிபுத்திரத்தில் திரட்டிக் கங்கை நீருக்கடியில் ஒளித்துவைத்த நிதியமோ என்று கேட்கிறாள். மாமூலனார் ஓரிரு அடிகளில் சொல்லிவிட்டுப் போகும் அந்தப் புதையலுக்கு ஓர் ஊர் இருக்கிறது, மறைத்த இடம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக மறைத்தவர் இருக்கிறார். மறைபொருளைக் காணும் ஆற்றல் கொண்டவர்கள் பழம்புதையலைத் தேடிப் போகும் கதையை எழுத விரும்புகிறவர் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது இதைத்தான். இத்தகைய நாவல்களில் பல, வரைபடம் ஒன்றையும் பொன் குவியல் ஒன்றையும் வைத்துத் தொடங்கி, புதைத்தவரைப் பற்றி ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்கின்றன. அதனால் பாதி வழியிலேயே தேடலுக்கு உயிர் போய்விடுகிறது.

எனவே நாவலின் முதல் அத்தியாயத்தைத் தொடுவதற்கு முன்பே, புதைத்த இரவை ஐந்தாறு பக்கங்களில் உங்களுக்காக மட்டும் எழுதி வையுங்கள். யாருக்கு அஞ்சிப் புதைத்தார்கள், யார் வந்து எடுப்பார்கள் என்று நம்பினார்கள், அவர்கள் ஏன் வரவில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தப் பக்கங்களில் விடை இருக்க வேண்டும். மூன்றாவது கேள்விதான் மிகக் கடினமானது, அதுவே கதையின் கருவும்கூட. மீட்டெடுக்க ஒருவர் எஞ்சியிருந்தால் அது புதையலாக நின்றிருக்காது.

வரலாறு இதற்குப் போதிய விதைகளைத் தந்திருக்கிறது. 2023 ஏப்ரலில் சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்குக்கான வேள்விச்சாலைக்கு மண் தோண்டியபோது, 20க்கு மேற்பட்ட செப்புத் திருமேனிகளும் 400க்கு மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வெளிப்பட்டன. பாடலைச் செம்பில் வெட்டி, அந்தச் செம்பை மண்ணில் மறைத்த மனிதர்களின் அச்சத்தை எண்ணிப் பாருங்கள். பொன்னை மட்டும் புதைத்தவனின் அச்சத்தைவிட அது ஆழமானது. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் ஒரு பாத்திரத்தில் கிடைத்த 505 பொற்காசுகளையும், 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 உரோமானியப் பொற்காசுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டாவது குவியலின் பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்தின் மேல் உளியால் வெட்டிய தடம் இருக்கிறது. அந்த வெட்டை வெட்டியவர் யார், எதற்காக வெட்டினார் என்ற ஒற்றைக் கேள்வியிலிருந்தே ஒரு நாவல் கிளம்பிவிடும்.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஒரு கற்பனை எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 1311இல் மாலிக் காபூரின் படை தெற்கே இறங்கி வருகிறது என்ற செய்தி கொள்ளிடக்கரையில் உள்ள ஒரு சிற்றூரை எட்டுகிறது. கோயிலின் ஓதுவார், செம்பு வேலை செய்யும் கன்னார், இரவுக் காவல்காரர் ஆகிய மூவரும் திருமேனிகளை மறைக்க முடிவு செய்கிறார்கள். ஓதுவாருக்கு எந்தத் திசை என்பது தெரியும், கன்னாருக்கு எத்தனை கோல் தொலைவு என்பது தெரியும், காவல்காரருக்கு எவ்வளவு ஆழம் என்பது தெரியும். பிடிபட்டால் ஒருவரின் வாயிலிருந்து முழுச் செய்தியும் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள். மூவரில் இருவர் அந்த மாதமே இறந்துவிடுகிறார்கள். மூன்றாமவர் நெடுங்காலம் வாழ்ந்தும் தனக்குத் தெரிந்த மூன்றிலொரு பங்கை வைத்துக்கொண்டு எதையும் மீட்க முடியாமல் போகிறார்.

இனி, காண்பவரைப் பற்றி. அயல்நாட்டுக் கதைகளைப் படித்துப் பழகிய கை, கண்ணாடிக் கோளத்தையும் சீட்டுக்கட்டையும் உடனே கொண்டுவந்து வைக்கும். நம் மண்ணில் கதை நடக்குமானால் அவற்றுக்குத் தேவையே இல்லை. நெல்லைப் பரப்பிக் கட்டுப் பார்க்கும் கட்டுவிச்சி சங்கப் பாடல்களிலேயே இருக்கிறாள். உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி, அருள் வந்து வாக்குச் சொல்லும் சாமியாடி, உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து நீரோட்டம் பார்ப்பவர் ஆகியோர் இன்றும் ஊர்களில் உள்ளவர்களே. புதையல் கதைக்கு இவர்கள் எல்லாரையும்விட நெருக்கமானவர், வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பவர். பூமிக்குள் இருப்பதைக் காட்டும் என்று சொல்லப்படும் மைக்குப் பாதாள அஞ்சனம் என்றே பெயர் இருக்கிறது. மையை உற்று நோக்கக் குழந்தையை அமர்த்தும் வழக்கத்தைக் கவனியுங்கள். பெரியவர் கேட்கிறார், குழந்தை கண்டதைச் சொல்கிறது. கேட்பவரின் ஆசை குழந்தையின் சொல்லை எவ்வளவு வளைக்கிறது என்பதில் ஓர் எழுத்தாளருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது!

ஆற்றலுக்கு விதி இல்லையென்றால் நாவல் சரிந்துவிடும். எல்லாவற்றையும் காணக்கூடியவர் முதல் அத்தியாயத்திலேயே புதையலைக் கண்டுவிடுவார். காணவில்லை என்றால், ஆசிரியர் வேண்டுமென்றே கண்ணைக் கட்டியிருக்கிறார் என்பதை வாசகர் உணர்ந்துவிடுவார். நான் பரிந்துரைக்கும் விதி எளிமையானது: குறிசொல்லி பொன்னைக் காண்பதில்லை, பொன்னைத் தொட்டவர் கண்டதை மட்டுமே காண்கிறார். நம் எடுத்துக்காட்டில், மை பார்க்கும் மூதாட்டி கோயில் மணியின் நாக்கைக் கையில் வாங்கும்போது காவல்காரரின் கண்ணால் அந்த இரவைப் பார்க்கிறாள். அவர் விளக்கின்றிப் புதைத்தார், ஆகவே அவளுக்கும் இருட்டே தெரிகிறது. ஈர மணலின் குளிர்ச்சி, தோளை அறுக்கும் கயிறு, யாரோ அடக்கிக்கொண்டு விடும் மூச்சு ஆகியவை தெரிகின்றன, இடம் தெரிவதில்லை. அவர் நிமிர்ந்து பார்த்த ஒரே கணத்தில் கண்ட கொன்றை மரம் தெரிகிறது, ஆனால் 700 ஆண்டுகளுக்குப் பின் அந்த மரம் இல்லை, ஆறும் அங்கே ஓடவில்லை. இப்படி ஒரு விதியை வகுத்துவிட்டால் ஒவ்வொரு காட்சியும் ஒரு விடையையும் அதைவிடப் பெரிய ஒரு கேள்வியையும் சேர்த்தே கொண்டுவரும்.

விதியோடு விலையும் இருக்க வேண்டும். மூக்கில் இரத்தம் வடிவதும் மயங்கி விழுவதும் பலமுறை எழுதித் தேய்ந்துபோனவை. பிறர் கண்ணால் பார்ப்பவருக்குப் பிறர் அச்சமும் வந்து சேர்வது இயல்பு என்பதால், காவல்காரர் குதிரைக் குளம்பொலிக்கு நடுங்கினார் என்றால், மூதாட்டி அதன்பின் தெருவில் போகும் வண்டி ஓசைக்கு நடுங்கட்டும். அவளுடைய பேத்தி அதைக் கவனித்து, இனி மை போடவேண்டாம் என்று தடுக்கட்டும். தேடலை நிறுத்த வேண்டிய காரணம் இப்போது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

குறிசொல்லிக்குத் துணையாக அளவுகளை அறிந்த ஒருவர் தேவை. கல்வெட்டு படிக்கத் தெரிந்தவரே இதற்கு மிகப் பொருத்தமானவர். காட்சி உணர்வைத் தரும், கல்வெட்டு தொலைவைத் தரும். இரண்டும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே போவதுதான் இவ்வகை நாவலின் நடை. சோழர் கல்வெட்டுகளில் பதினாறு சாண் கோல் என்னும் நில அளவுகோல் வருகிறது, சில கோயில் சுவர்களில் அளவுகோலின் நீளத்தையே கோடாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நாயகர்கள் தவறான கோயிலின் கோலை வைத்து அளந்து, ஓர் இரவு முழுவதும் வெறும் மண்ணைத் தோண்டினால், அந்தத் தோல்வியை வாசகர் முழு மனத்தோடு ஏற்பார். பொன்னின் எடைக்கும் அக்காலச் சொற்களையே கையாளுங்கள்: இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு.

எடையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் பல கதைகள் இங்கேதான் நம்பகத்தை இழக்கின்றன. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள பொன் 19.3 கிலோ இருக்கும். 15 லிட்டர்க் குடத்தில் காசுகளை நிரப்பினால், இடைவெளிகளைக் கழித்தாலும் ஏறத்தாழ 170 கிலோ வரும். நாயகன் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. திருவானைக்காவலில் கிடைத்த 505 காசுகளின் மொத்த எடை 1.716 கிலோ, அதாவது ஒரு தேநீர்க் குவளைக்குள் அடங்கிவிடும் அளவு. உண்மையான புதையல் பெரும்பாலும் இப்படிச் சிறியது என்பதை அறிந்து எழுதினால், அந்தச் சிறுமையே காட்சிக்கு அழுத்தம் தரும்.

ஆற்றலை நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே நாவலைப் படிப்பார்கள் என்பதால், கண்டுபிடிப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு விளக்கங்கள் பொருந்துமாறு எழுதுவது நல்லது. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி மடாலயத்தில் 1908 முதல் அகழாய்வை நடத்திய கட்டடக் கலைஞர் ஃபிரெடெரிக் பிளை பாண்ட், நண்பர் ஒருவரின் கை தானாக எழுதிய எழுத்துகளில் அங்கே வாழ்ந்த பழந்துறவிகள் பேசுவதாக நம்பினார். எட்கர் சிற்றாலயத்தின் அடித்தளத்தையும் கண்டறிந்தார். இந்த இரகசியத்தை 1918இல் அவர் வெளியிட்டபின் திருச்சபையோடு உறவு கெட்டு, சில ஆண்டுகளில் பொறுப்பை இழந்தார். பழங்கட்டடங்களையும் ஆவணங்களையும் ஆழக் கற்றிருந்த அவருடைய மனமே அந்த விடையைத் தந்திருக்கலாம் என்று மறுப்பவர்கள் சொன்னார்கள். உங்கள் மூதாட்டியும் இளமையில் அந்தக் கோயிலில் பூத்தொடுத்தவளாக இருக்கட்டும். அவள் கண்டது காட்சியா, மறந்துபோன நினைவா என்று கல்வெட்டு அறிஞர் கேட்கும்போது, அவளாலேயே விடை சொல்ல இயலாமல் போகட்டும்.

கூட்டத்தின் பேராசையை எழுத, 2013 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். 1857 எழுச்சிக்குப் பின் ஆங்கிலேயர் தூக்கிலிட்ட இராம் பக்ஷ் சிங்கின் கோட்டையில் 1,000 டன் தங்கம் இருப்பதாகக் கனவு கண்டேன் என்று துறவி ஒருவர் சொல்ல, இந்தியத் தொல்லியல் துறையே டௌண்டியா கேரா கிராமத்தில் இறங்கித் தோண்டியது. தொலைக்காட்சி வண்டிகளும் வேடிக்கை பார்ப்பவர்களும் திரண்டார்கள். தங்கம் கிடைக்கவில்லை. ஒரு தனிமனிதரின் கனவு பொதுச் செய்தியானதும் அது எப்படிக் கண்டவரின் கையை விட்டுப் போய்விடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது. மாறாக, திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் அறைகள் 2011இல் திறக்கப்பட்டபோது, எஞ்சிய ஓர் அறையைத் திறக்கக் கூடாது என்று, தெய்வத்தின் விருப்பத்தைச் சோதிடத்தின் வழி அறியும் தேவப்பிரசனம் பார்த்தவர்கள் எச்சரித்தார்கள். காண்பவரின் வேலை கண்டுபிடிப்பது மட்டும் என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? எல்லாரும் தோண்டத் துடிக்கும் இடத்தில் வேண்டாம் என்று சொல்லும் ஒருவரை நிறுத்தினால், நாவலின் இரண்டாம் பாதி தானாகவே இறுகும்.

எதிரியாக அயல்நாட்டுக் கடத்தல் கும்பலைக் கொண்டுவருவதைவிட, ஊரிலேயே புழங்கும் மோசடிக்காரரைக் கொண்டுவருவது நன்று. கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அது அரிசியை இழுக்கும் என்று சொல்லிப் பணம் பறிக்கும் 'ரைஸ் புல்லிங்' கும்பல்களை நாளிதழ் படிக்கும் எவரும் அறிவார். குறிசொல்லியின் உண்மையான ஆற்றலை முதலில் நம்பாதவர் அந்த மோசடிக்காரராகவே இருப்பார், ஏனென்றால் பொய்க் குறி எப்படிச் சொல்லப்படுகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கையையும் மனப்பூர்வமாக வைக்கிறேன்: புதையலுக்காக நரபலி என்பது கதைகளில் வரும் திகில் மட்டுமன்று, அந்த நம்பிக்கையால் உயிர்கள் போயிருக்கின்றன. பூதத்துக்குப் பலி கொடுத்தால் புதையல் வழிவிடும் என்பது உங்கள் நாவலின் உலகில் ஒருபோதும் உண்மையாகிவிடக் கூடாது. யாரேனும் அப்படி நம்பினால், அந்த நம்பிக்கையின் முன் நாயகர்கள் தேடலைக் கைவிட்டு உயிரைக் காக்க ஓடட்டும்.

சட்டத்தைத் தடையாக எண்ணாமல் கடிகாரமாகப் பயன்படுத்துங்கள். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்கு உரியவருக்கு ஒரு பங்கும் என்று அதே சட்டம் பிரிக்கிறது. முதல் காசு கிடைத்த இரவே ஆட்சியருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று கல்வெட்டு அறிஞர் பிடிவாதம் பிடிக்க, நிலக்காரர் இன்னும் ஒரு நாள் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினால், துப்பாக்கி இல்லாமலேயே அந்த இரவு பதற்றம் நிறைந்ததாகிவிடும்.

எழுதி முடித்த வரைவைத் திருத்தும்போது, தொடக்கத்தில் உங்களுக்காக எழுதி வைத்த அந்த ஐந்தாறு பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு, குறிசொல்லி காணும் ஒவ்வொரு காட்சியையும் அவற்றோடு ஒப்பிடுங்கள். புதைத்த மூவரில் எவரும் காணாத ஒன்றை அவள் கண்டிருந்தால் அந்த வரியை இரக்கமின்றி நீக்குங்கள். அவர்கள் கண்டும் அவள் இன்னும் காணாத ஒன்று, திருமேனியை மணலில் முகம் குப்புறக் கிடத்துவதற்கு முன் ஓதுவார் தன் மேலாடையால் அதன் கண்களை மூடியது போன்ற ஒன்று, எஞ்சியிருந்தால் அதைக் கடைசி அத்தியாயத்துக்காக வைத்திருங்கள். மண்வெட்டி உலோகத்தில் தட்டிய பின்னரே, மூதாட்டி அதைத் தொட்ட பின்னரே, அது வாசகரின் கண்ணுக்கு வர வேண்டும்.