மொட்டை மாடியில் காராமணி: வறட்சி தாங்கும் வகையைக் கண்டறியும் முறை

காராமணி வறட்சியைத் தாங்கும் பயிர் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் எல்லாக் காராமணியும் ஒரே அளவில் தாங்குவதில்லை. தண்ணீரை நிறுத்தினால் விரைவிலேயே தண்டுவரை காய்ந்து சாகும் வகையும் உண்டு. அதே மண்ணில் அதற்குப் பக்கத்திலேயே நின்று, பச்சைத் தண்டோடு நாள்களைக் கடத்தி, மறுபடி நீர் கிடைத்ததும் துளிர்க்கும் வகையும் உண்டு. இந்த வேறுபாடு ஒரு தொட்டியில் ஒரு வகையை மட்டும் வளர்த்தால் தெரியாது. பல வகைகளை ஒரே பெட்டியில் அருகருகே விதைத்து, ஒரே நாளில் நீரை நிறுத்தி ஒப்பிட வேண்டும். பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990-களில் நைஜீரியாவில் இதற்காக வகுத்த மரப்பெட்டி முறைக்குப் பெரிய கருவிகள் எதுவும் தேவையில்லை. தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ வெயில் படும் ஒரு மொட்டை மாடி போதும்.

முதல் வேலை விதை சேர்ப்பது. அதிகக் கவனம் கேட்கும் வேலையும் அதுதான். பாரிமுனைப் பக்கத்துப் பயறுக் கடைகளில் வெள்ளை, சிவப்பு, பழுப்பு நிறக் காராமணி கிடைக்கும். ஆனால் அவை எந்த ஊரில் விளைந்தவை என்பது பெரும்பாலும் தெரியாது; பல வயல்களின் விதை கலந்தும் இருக்கலாம். எனவே திருவள்ளூர், வேலூர், தருமபுரிப் பக்கம் உறவினர் இருந்தால், மானாவாரி நிலத்தில் நிலக்கடலையோடு ஊடுபயிராக விதைக்கும் காராமணியில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்குங்கள். மேற்கு மாவட்டங்களில் தட்டைப்பயறு என்று கேட்க வேண்டும். ஒப்பீட்டுக்காக வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 7, வம்பன் 3 போன்ற ரகங்களில் ஒன்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

காராமணியில் பெரும்பாலும் பூ விரிவதற்கு முன்பே தன் மகரந்தச் சேர்க்கை நடந்துவிடுகிறது. ஆகையால் ஒரு செடியின் விதை ஏறக்குறைய அதே குணத்தோடு முளைக்கும். ஒரு விவசாயியின் விதைப் பானையிலோ இப்படிப்பட்ட பல மரபுவழிகள் ஒன்றாகக் கலந்து கிடக்கும். நிறம், அளவு, கண்ணைச் சுற்றியுள்ள வளையம் ஆகியவற்றைப் பார்த்து விதையைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எண் கொடுங்கள். நிறம் ஒன்றாக இருந்தாலும் ஊர் வேறானால் தனி எண் தர வேண்டும். தோலின் நிறத்துக்கும் வறட்சியைத் தாங்கும் திறனுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகக் கொள்ளக் கூடாது. தோற்றத்தில் இரட்டையரைப் போன்ற இரு விதைகள் வறட்சியில் முற்றிலும் வேறாக நடந்துகொள்ளலாம்.

காசிமேட்டில் மீன் அனுப்பப் பயன்படும் தெர்மாகோல் பெட்டிகள் இந்தச் சோதனைக்கு நன்றாகப் பொருந்தும். மாடித் தளத்தின் சூடு வேருக்கு ஏறாமலும் அவை தடுக்கும். உப்பும் வாடையும் போகும்வரை பலமுறை கழுவி, அடியில் சில துளைகள் இட்டு, செம்மண்ணும் ஆற்று மணலும் சம அளவில் கலந்து 12 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள். எல்லாப் பெட்டிகளிலும் மண்ணின் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும்.

பாய்ச்சும் நீரைப் பற்றி வடசென்னைக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியிருப்பது பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டுவரும் செய்தி. கடலோரத் தெருக்களின் போர் தண்ணீர் பலவும் உவர்ப்பானவை. உப்புநீர் பாய்ச்சினால் மண்ணில் ஈரம் இருந்தும் செடி அதை உறிஞ்ச முடியாமல் வாடும். பிறகு அது வறட்சியால் வாடியதா, உப்பால் வாடியதா என்று சொல்ல முடியாது. மெட்ரோ தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ மட்டும் பயன்படுத்துங்கள்.

வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓய்ந்த பின், பிப்ரவரியில் விதைப்பது ஏற்றது. மே மாத வெயிலில் வெப்பத்தின் பாதிப்பும் கலந்துவிடும். வரிசைக்கு வரிசை 10 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 5 சென்டிமீட்டரும் இடைவெளி விடுங்கள். ஒரு வகைக்கு ஒரு வரிசை என்ற கணக்கில் எல்லா வகைகளும் ஒவ்வொரு பெட்டியிலும் இடம்பெற வேண்டும். குறைந்தது மூன்று பெட்டிகள் வைத்து, வரிசைகளின் இடத்தைச் சீட்டுக் குலுக்கி மாற்றி அமையுங்கள். பெட்டியின் ஓரம் சீக்கிரம் காயும் என்பதால் ஓர வரிசைகளில் ஏதாவது ஒரு காராமணியைக் காவலுக்கு விதைத்து, கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.

முதலில் தோன்றும் இரு தனி இலைகளுக்குப் பின் மூவிலைக் கூட்டிலை விரியும். அது விரிந்ததும் நீரை முற்றாக நிறுத்துங்கள். அன்று முதல் தினமும் சூரியன் ஏறுவதற்கு முன்பு ஒவ்வொரு வரிசையிலும் வாடிய செடிகளை எண்ணிக் குறிக்க வேண்டும். உச்சிவெயிலில் நல்ல செடியும் துவளும், இரவில் தேறிவிடும். காலையிலும் நிமிராத செடியே உண்மையில் வாடிய செடி. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அடைந்த செடியும் சுருண்டு வாடும் என்பதால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பலவீனமான வகைகளின் செடிகள் எல்லாம் காய்ந்ததும் மறுபடி நீர் ஊற்றி, இரண்டு வாரம் கழித்து எத்தனை துளிர்த்தன என்று எண்ணுங்கள்.

துளிர்த்தவற்றையும் ஒரே வகையாகக் கருத வேண்டாம். ஆய்வாளர்கள் இவற்றில் இரண்டு போக்குகளைக் கண்டிருக்கிறார்கள். சில வகைகள் நீர் நின்றதும் வளர்ச்சியை நிறுத்தி, எல்லா இலைகளிலும் ஈரத்தைக் காத்துக்கொள்கின்றன. வேறு சில அடியிலைகளின் ஈரத்தை மேலே இழுத்து, அவற்றை உதிர்த்துவிட்டு, நுனிக் குருத்தை மட்டும் உயிரோடு வைத்து நீண்ட நாள் தாக்குப்பிடிக்கின்றன. உங்கள் வரிசைகளில் எந்தப் போக்கு தெரிகிறது என்பதையும் எழுதிவையுங்கள். வாடிய எண்ணிக்கையைவிட இந்தக் குறிப்பு எனக்கு மதிப்புள்ளதாகப் படுகிறது. பின்னாளில் இரு வகைகளை இனக்கலப்புச் செய்ய நினைப்பவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

பெட்டியின் ஆழம் குறைவு என்பதால், ஆழமாக வேர்விட்டு ஈரம் தேடும் வகையின் அந்தத் திறன் இங்கே வெளிப்படாது. நாற்றுப் பருவத்தில் பிழைத்த செடி நன்றாகக் காய்க்கும் என்பதற்கும் இது சான்றாகாது. பூக்கும் பருவத்து வறட்சியே விளைச்சலை அதிகம் குறைக்கும். எனவே தேறிய வகைகளையும், முதலில் வாடிய ஒரு வகையையும் பெரிய வளர்ப்புப் பைகளில் இரு தொகுதிகளாக வளர்த்து, மொட்டு அரும்பும்போது ஒரு தொகுதிக்கு மட்டும் நீரைக் குறைத்து, காய்களின் எண்ணிக்கையையும் விதையின் எடையையும் ஒப்பிடுங்கள். முதல் பூ பூத்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் பூத்துக் காய்த்து முடிக்கும் வகை வறட்சியைத் தாங்காமலேயே அதிலிருந்து தப்பித்துவிடக்கூடும்.

விதை எடுக்கும்போது செடி வாரியாகப் பறித்து, நன்கு உலர்த்தி, பயறு வண்டு நுழையாதபடி இறுக மூடும் பாட்டிலில் போட்டு, எண், ஊர், விதை தந்தவர் பெயர், அறுவடை மாதம் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். பெட்டியில் முதலில் வாடிய வகையையும் எறியாமல் வையுங்கள். அசுவினியை எதிர்க்கும் தன்மையோ உவர்நீரைப் பொறுக்கும் தன்மையோ அதில் இருக்கிறதா என்பதை இந்தச் சோதனை பார்க்கவே இல்லை.