சிமுலேஷனில் ரவுட்டரைச் சாய்ப்பதற்கு முன்

நெட்வொர்க்கின் ஒரு பகுதி விழுந்தால் மிச்சம் தாங்குமா என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதில் நாம் செய்யும் தவறுகள் இவை. முதலில், ஒரு மாணவர் கொண்டுவந்த கிராஃப்; எவ்வளவு தரவு போய்ச் சேர்கிறது என்று காட்டும் கோடு. மொத்தம் 60 விநாடி சிமுலேஷன். 30ஆவது விநாடியில் ஒரு ரவுட்டர் சாய்கிறது. அதன்பின் கோடு பூஜ்யத்திலேயே படுத்துக் கிடக்கிறது. "நெட்வொர்க் மீளவே இல்லை சார்" என்றார். அவர் வைத்திருந்தது ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தமக்குள் பேசிப் பாதை கண்டுபிடிக்கும் முறை), ரவுட்டர்களுக்கு நடுவில் ஒரு சுவிட்ச். சுவிட்ச் இருப்பதால் எதிர்முனை போனது லிங்க்கைப் பார்த்துத் தெரியாது. 'இருக்கிறேன்' என்று பத்து விநாடிக்கு ஒருமுறை வரும் ஹலோ செய்தி 40 விநாடி வராமல் போனால்தான், அதை அனுப்பிய ரவுட்டர் செத்துவிட்டதாகப் பக்கத்து ரவுட்டர் முடிவுசெய்யும். 200 விநாடிக்கு ஓட்டினோம். 70ஐ நெருங்கும்போது கோடு எழுந்து நின்றது.

தாக்குதலை முதல் விநாடியிலேயே தொடங்குவதும் இதே ரகம். எங்கே போக எந்த வழி என்று சொல்லும் ரவுட்டிங் அட்டவணையே நிரம்பாத நெட்வொர்க்கில் எதைச் சாய்த்து என்ன தெரியப்போகிறது?

என்எஸ்-3 என்ற சிமுலேஷன் மென்பொருளில், தற்செயல் எண்களை மாற்றித் தரும் ரன் எண்ணை மாற்றாமல் பத்து முறை ஓட்டினால் பத்து முறையும் அதே விடைதான் வரும். அதைச் சராசரி என்று அறிக்கையில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள்!

அடுத்தது, பாதை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. 1964இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் பால் பாரன், ஒரு நெட்வொர்க் மாதிரியில் முனைகளை (இணைப்புகள் சந்திக்கும் இடங்களை) அழித்து, மிச்சத்தில் எத்தனை இன்னும் சேர்ந்திருக்கின்றன என்று எண்ணினார். அன்றைய கேள்விக்கு அது போதும். இன்று விநாடிக்கு 100 மெகாபிட் தாங்கும் மாற்றுப்பாதையில் 500 மெகாபிட் வந்து முட்டினால், பாதை இருந்தும் பயனில்லை. பாக்கெட் (தரவுத் துண்டு) இழப்பையும் தாமதத்தையும் அளக்க வேண்டும்.

எதைத் தாக்குவது என்பதிலும் கோட்டை விடுகிறோம். ஆல்பர்ட், ஜியோங், பராபாசி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2000இல் காட்டியது: சில முனைகளில் மட்டும் இணைப்புகள் குவிந்த வலை, குருட்டாம்போக்கில் வரும் பழுதைத் தாங்கும், குறிவைத்த அடியில் நொறுங்கும். ஆகவே இரண்டையும் தனித்தனியே ஓட்டுங்கள். ஆனால் அதிக இணைப்புள்ள ரவுட்டர்தான் இணையத்தின் நடுமையம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நடுவில் இருப்பவை பெரும்பாலும் சில தடித்த லிங்க்குகளைத் தாங்குபவை. இணைப்புகள் மொய்ப்பது வாடிக்கையாளர் பக்கத்து ரவுட்டர்களில்.

லிங்க்குகளைத் தனித்தனிக் கோடுகளாகக் காட்டும் நெட்வொர்க் வரைபடத்தை நம்புவது எல்லாவற்றையும்விட மோசம். 2001 ஜூலை 18 அன்று அமெரிக்க நகரமான பால்டிமோரின் ஹோவர்ட் தெரு சுரங்கத்தில் சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பிடித்தது. பல நிறுவனங்களின் ஃபைபர் கேபிள் அதே சுரங்கத்தின் வழியே போயிருந்தது. எனவே ஒரே குழாய், ஒரே பாலம், ஒரே ரயில்பாதை வழியே போகும் லிங்க்குகளை ஒரு கட்டாகச் சேர்த்து, ஒரே நொடியில் அறுத்துப் பாருங்கள்.