அப்பாவ உக்கார வெச்சாலே மயக்கம், எங்களுக்கு எது பலன் குடுத்துச்சு

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துருச்சு. அம்மாபேட்டை வீட்டுக்கு கூட்டிட்டு வந்த மூணாம் நாள் பல்லு வெளக்க தூக்கி உக்கார வெச்சேன், ரெண்டு நிமிஷம் கூட ஆகல, மூஞ்சி வெளுத்து நெத்தியெல்லாம் முத்து முத்தா வேர்வை, கண்ணு மேல சொருகிடுச்சு. மறுபடியும் ஸ்ட்ரோக்குதான்னு அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க. படுக்க வெச்சு ரெண்டு காலையும் தலகாணி மேல தூக்கி வெச்சதும் கொஞ்ச நேரத்துல "என்னடா ஆச்சு"ன்னாரு.

அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுனோம். படுத்தப்ப மேல் பிபி 138, உக்காந்ததும் 104. 20க்கு மேல எறங்குனாலே கவனிக்கணுமாம், நாள்கணக்கா படுத்தே கெடந்தா உக்காரும்போது ரத்தம் காலுப் பக்கம் எறங்கிடுது, மூளைக்குப் பத்தல. பிபி மாத்திரைய டாக்டரே கொறச்சாரு, ப்ராஸ்டேட் மாத்திரையும் பிபிய எறக்கலாம்னு அத ராத்திரிக்கு மாத்துனாரு. தயவுசெஞ்சு நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க.

மத்ததெல்லாம் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் குடுத்தது. முதுகு தூக்குற கட்டில் வாடகைக்கு எடுத்தோம், மொதல்ல 30 டிகிரி, பத்து நிமிஷம் பாத்துட்டு 45, அப்புறம் 60, கடைசியாத்தான் கால தொங்கப் போடணும், அதுக்கு முன்னாடி நல்ல கால் பாதத்த அவரே மேலயும் கீழயும் 20 தடவ ஆட்டுவாரு, மத்தத நான் புடிச்சு ஆட்டுவேன். சேலத்து வெயிலுக்கு தண்ணியும் பத்தாம இருந்திருக்கு, விழுங்குறது சரியா இருக்கான்னு டாக்டர் பாத்து சொன்னப்புறம் அதையும் கூட்டுனோம்.

மூணு வாரம் ஆச்சு. நேத்து திண்ணையில அரை மணி நேரம் உக்காந்து டீ குடிச்சாரு.