மூச்சை அடக்காதீங்க: பிலாட்டீஸ் முதல் பாடம்

பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகிற மதினிமார்களுக்கு மூச்சடக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிடுங்கும் வரை தண்ணீருக்குள் மூச்சு பிடித்தே பழகியவர்கள். முதுகுவலிக்காக அவர்கள் சிலருடன் பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சியைப் பழக உட்கார்ந்தபோது, "வயிற்றை உள்ளே இழுங்க" என்றதும் எல்லோரும் மூச்சையும் சேர்த்தே நிறுத்திவிட்டார்கள். கரையில் வேலை செய்கிற நம்மில் பலரும் குடத்தையோ மீன்கூடையோ தூக்கும்போது இதையேதான் செய்கிறோம். அதனால் இங்கே மூச்சிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தப் பயிற்சியை உருவாக்கியவர் ஜெர்மனியில் 1883-இல் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ். சின்ன வயதில் ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் தடுப்பு முகாமில் இருந்த காலத்தில் தன் முறையை வளர்த்தார், பிறகு நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் நடத்தினார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி'. உடம்பை மனம் கவனித்து நடத்துவது என்பதுதான் அதன் கருத்து. எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட ஒவ்வோர் அசைவையும் கவனத்தோடு செய்வதே இதில் முக்கியம்.

இடம். கடற்கரை மணல் வேண்டாம். அது கடல் பக்கம் சரிந்திருக்கும், ஒரு பக்க இடுப்பு தாழ்ந்துவிடும். வீட்டுத் தரையோ மொட்டைமாடியோ போதும். வெறும் ஓலைப்பாய் சிமெண்டில் வழுக்கும், முதுகெலும்பும் உறுத்தும். ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். சாப்பிட்ட உடனே செய்யாதீர்கள்.

படி 1: படுப்பது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதங்களை இடுப்பகலத்தில் ஊன்றுங்கள். அடிவயிற்றில் தண்ணீர்ச் சொம்பு ஒன்று வைத்ததாக நினையுங்கள். அது தலைப்பக்கமும் சாயக்கூடாது, கால்பக்கமும் சாயக்கூடாது. இடுப்புக்கடியில் இயல்பான சின்ன இடைவெளி இருக்கட்டும்.

படி 2: மூச்சு. இதற்கு ஒரு வாரமே எடுத்துக்கொண்டாலும் நல்லது. இரண்டு உள்ளங்கைகளையும் விலாவின் பக்கவாட்டில் வையுங்கள். மூக்கால் இழுக்கும்போது விலா இரண்டு பக்கமும் விரிந்து கையைத் தள்ள வேண்டும். தோள் காதை நோக்கி ஏறினால் மூச்சு மேலோட்டமாகப் போகிறது என்று அர்த்தம். வாயால் மெல்ல 'உஸ்ஸ்' என்று விடும்போது தொப்புளுக்குக் கீழே உள்ள வயிற்றை லேசாக உள்ளிழுங்கள். பத்தில் மூன்று பங்கு பலம் போதும். அந்த இறுக்கத்தோடு பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச்சு வரவில்லையென்றால் மூச்சை அடக்கிவிட்டீர்கள். எட்டு முறை செய்யுங்கள்.

படி 3: பாலம். மூச்சை விட்டபடியே வால் எலும்பிலிருந்து தொடங்கி, பாயைச் சுருட்டுவதுபோல முதுகை ஒவ்வொரு கணுவாகத் தரையிலிருந்து எடுங்கள். தோள்பட்டை வரை வந்ததும் நின்று மூச்சை இழுங்கள். விட்டுக்கொண்டே மேல்முதுகிலிருந்து இறக்குங்கள். தொப்பென்று இடுப்பைப் போட்டுவிடாதீர்கள், இறக்குவதில்தான் பயன் அதிகம். ஆறு முறை.

படி 4: நூறு. பிலாட்டீஸில் பேர்போன பயிற்சி இது. கைகளை உடம்பின் பக்கத்தில் நீட்டி, தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, தண்ணீரைத் தட்டுவதுபோல மேலும் கீழும் அசையுங்கள். ஐந்து தட்டலுக்கு மூச்சு உள்ளே, ஐந்துக்கு வெளியே. பத்துச் சுற்றானால் நூறு. ஆரம்பத்தில் தலையும் பாதமும் தரையிலேயே இருக்கட்டும், மூன்று சுற்று போதும். தலையைத் தூக்குவது பிறகு. தூக்கியதும் கழுத்து வலித்தால் உடனே இறக்கிவிடுங்கள்.

படி 5: குப்புறப் படுத்து. நாளெல்லாம் குனிந்தே இருக்கிறவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. கைகளைத் தோளுக்குப் பக்கத்தில் வைத்து, மூச்சை இழுத்துக்கொண்டு நெஞ்சை நான்கு விரல் உயரம் மட்டும் தூக்குங்கள். பார்வை பாயின் மேலேயே இருக்கட்டும். விட்டுக்கொண்டே இறங்குங்கள். ஐந்து முறை.

வாரத்தில் மூன்று நாள் செய்யலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிற அண்ணன்மார் பழகத் தொடங்க அந்த 61 நாள் நல்ல வாய்ப்பு. கர்ப்பிணிகள், முதுகுத் தட்டு விலகியவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள். கால் மரத்தாலோ வலி காலுக்கு இறங்கினாலோ அப்போதே நிறுத்துங்கள்.

நாளைக்குக் குடத்தைத் தூக்கும்போது இரண்டாவது படியை நினைத்துக்கொள்ளுங்கள். முழங்காலை மடக்கி, குடத்தை உடம்போடு ஒட்டிப் பிடித்து, 'உஸ்ஸ்' என்று மூச்சை விட்டபடியே எழுந்திருங்கள்.