கிடாய் மண்டையோட்டை வெண்கலமாக்குவது எப்படி?

வேட்டையாடிய மானின் மண்டையோட்டைக் கொம்போடு பலகையில் பதித்துச் சுவரில் மாட்டுவது ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் பழைய வழக்கம். அதற்கே வெண்கல நிறம் ஏற்றினால் சிலை மாதிரி ஆகிவிடும். ஆசையில் மான் கொம்பைத் தேடிப் போகாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமைச் சான்று இல்லாமல் அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். காட்டில் உதிர்ந்து கிடந்ததை எடுத்து வந்தாலும் சிக்கல்தான். நமக்குக் கறிக்கடைக் கிடாய்த் தலை போதும்.

கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "அண்ணே, தலையைச் சுட வேண்டாம், மூளைக்காகப் பிளக்கவும் வேண்டாம், முழுசா குடுங்க." சொல்லாவிட்டால் பழக்க தோஷத்தில் இரண்டாக வெட்டிக் கொடுத்துவிடுவார். எங்கேயோ செத்துக் கிடந்த ஆட்டின் தலை மட்டும் வேண்டவே வேண்டாம். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் இறந்ததாக இருந்தால் அந்தக் கிருமி எலும்பிலும் மண்ணிலும் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

முதல் வேலை: சுத்தம்

கையுறை போட்டுக்கொண்டு தோல், கண், நாக்கு, முடிந்த அளவு சதை எல்லாவற்றையும் எடுங்கள். மூளையைப் பிடரித் துளை வழியாகக் கம்பியால் கலக்கி, தண்ணீர் பீய்ச்சி வெளியேற்றலாம். பிறகு மூடியுள்ள வாளியில் தண்ணீரில் மூழ்க வைத்து மொட்டைமாடியில் ஒரு மூலையில் விட்டுவிடுங்கள். வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரத்தில் மிச்சச் சதை தானாகக் கழன்றுவிடும். நாற்றம் தாங்காது, பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவசரப்பட்டுக் கொதிக்க வைக்காதீர்கள். கொழுப்பு எலும்புக்குள் இறங்கிவிடும், மூக்குக்குள் இருக்கும் மெல்லிய எலும்புகள் உதிரும். பிளீச்சிங் பவுடரும் எலும்பை அரித்துவிடும்.

கொம்பு கழன்று கையோடு வந்தால் பயப்பட வேண்டாம். வெளியே இருப்பது நகம் போன்ற உறை, உள்ளே எலும்பு முளை. உறையின் உட்புறத்தையும் கழுவிக் காய வைத்து, கடைசியில் அரால்டைட் போட்டு ஒட்டிக்கொள்ளலாம். மேல் வரிசையில் முன்பற்களைக் காணோமே என்றும் வாளியைத் துழாவ வேண்டாம். ஆட்டுக்கு அங்கே பல்லே கிடையாது, 8 முன்பற்களும் கீழ்த்தாடையில்தான்.

கொழுப்பு எடுப்பது

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான், நானும் விட்டேன். என் முதல் மண்டையோடு பார்க்க வெள்ளையாக இருந்ததால் நேராக வண்ணம் பூசிவிட்டேன். அடுத்த மே மாத வெயிலில் நெற்றியில் எண்ணெய் கசிந்து, பூச்சு தோல் மாதிரி உரிந்து வந்தது. பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதப்பது நிற்கும்வரை, சில சமயம் ஒரு மாதம்கூட ஆகும். மேலே வண்ணம் வரப்போவதால் எலும்பை வெளுக்க வைக்க வேண்டிய அவசியமில்லை. பிறகு நிழலில் ஒரு வாரமாவது காயட்டும். ஆடும் பற்களை ஒட்டுங்கள், விரிசல் இருந்தால் எம்-சீல் வைத்து அடைத்துத் தேயுங்கள்.

வண்ணம்

கடையில் வெண்கல ஸ்ப்ரே வாங்கி மொத்தமாக அடித்தால் பிளாஸ்டிக் பொம்மை போலத்தான் தெரியும். சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். சிலையின் மடிப்பும் பள்ளமும் இருண்டிருக்கும், மேடான இடத்தில்தான் வெளிச்சம் நிற்கும். அந்த இருட்டைத்தான் முதலில் பூச வேண்டும்.

பளபளப்பில்லாத கறுப்பு ஸ்ப்ரேயை ஒரு சாணுக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருந்து, திறந்த வெளியில், முகமூடி போட்டுக்கொண்டு மெல்லிதாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். ஒரேயடியாக அடித்தால் வழியும். மறுநாள் வெண்கல மெட்டாலிக் அக்ரிலிக்கில் கொஞ்சம் அடர் பழுப்பு கலந்து, கண்குழியையும் மூக்குத் துளையையும் தொடாமல் தூரிகையால் பூசுங்கள்.

அது காய்ந்ததும் உலர் தூரிகை வேலை. முடி விறைப்பான பழைய தூரிகையில் கலப்பில்லாத வெண்கல வண்ணத்தைத் தொட்டு, ஏறக்குறைய எதுவுமே மிச்சமில்லை என்னும்வரை துணியில் துடைத்துவிட்டு, மேட்டுப் பகுதிகளில் மட்டும் உரசுங்கள். கண்குழியின் விளிம்பு, மூக்குத் தண்டு, கொம்பின் வளையங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வரும். கொம்புதான் அழகு, அங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஒரு துளி தங்க நிறத்தை அதே மேடுகளில் இன்னும் லேசாக.

பச்சைக் களிம்பு ஏறிய பழைய தோற்றம் வேண்டுமா? நீலப்பச்சையில் வெள்ளை சேர்த்துத் தண்ணீராகக் கரைத்துப் பள்ளங்களில் விட்டு, ஈரத் துணியால் மேலே துடைத்துவிடுங்கள். எனக்கு இது குறைவாக இருந்தால்தான் பிடிக்கும்.

மேல் வார்னிஷ் பளபளப்பில்லாத 'மேட்' வகையாக இருக்கட்டும். சில வார்னிஷ்கள் உலோக மினுக்கையே மங்கச் செய்துவிடும் என்பதால் மண்டையோட்டின் பின்புறத்தில் கொஞ்சம் அடித்துப் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள்.

ஒரு நாள் முழுக்கக் காய்ந்தபின் பிடரித் துளையையே ஆணியில் மாட்டிவிடலாம். வீட்டில் நாய் இருந்தால் ஆணியை நல்ல உயரத்தில் அடியுங்கள்.