வீட்டு இன்சூரன்ஸ்ல தையல் மிஷின் வராதுங்க: வீட்லயே தொழில் பண்றவங்க பாலிசி எடுக்கிற விதம்

2023 டிசம்பர் மிக்ஜாம் மழைல எங்க வீட்டு ஹால்ல முழங்கால் அளவு தண்ணி. ஃப்ரிட்ஜ், வாஷிங் மிஷின், கட்டிலுக்கெல்லாம் இன்சூரன்ஸ் பணம் வந்துச்சு. முன் ரூம்ல இருந்த ரெண்டு பவர் மிஷின், ஓவர்லாக், கஸ்டமர் குடுத்திருந்த பட்டுப் பிளவுஸ் பிட்டு, இதுக்கெல்லாம் ஒத்த பைசா வரல. நஷ்டத்தப் பாத்து மதிப்புப் போட வந்த சர்வேயர் கேட்டது ஒரே கேள்விதான், "இது வீட்டுக்குத் தைக்கிற மிஷினா, தொழிலுக்காம்மா?" நான் பெருமையா தொழிலுக்குதான் சார்னு சொல்லிட்டேன். பொய் சொல்லியிருந்தாலும் சுவத்துல மாட்டியிருந்த ரேட் போர்டு காட்டிக் குடுத்திருக்கும், அது வேற விஷயம்.

இப்ப பாலிசியப் பத்தி. 2021 ஏப்ரல் 1லருந்து இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ சொன்னபடி எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியும் 'பாரத் கிருஹ ரக்ஷா'ன்னு ஒரே மாதிரி வீட்டு பாலிசி விக்கிறாங்க. கட்டடத்துக்கு எவ்வளவு போடுறோமோ அதுல 20%, அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும், உள்ள இருக்கிற சாமானுக்கு தானாவே கவர் வந்துடும், லிஸ்ட் கூட குடுக்க வேணாம். கட்டடத் தொகைன்னா மனை விலைய சேக்காதீங்க, திரும்பக் கட்ட ஆகுற செலவு மட்டும்தான். 800 சதுர அடி வீடு, அடிக்கு 2,500 ரூபான்னு வச்சா 20 லட்சம், அப்ப சாமானுக்கு 4 லட்சம். நல்லாதான் இருக்கு, ஆனா அந்த 4 லட்சம் வீட்டு உபயோகப் பொருளுக்கு. கேக் போடுற பெரிய ஓவன், விக்க வச்சிருக்கிற புடவை, ஆரி ஸ்டாண்டு இதெல்லாம் அந்தக் கணக்குல வராது.

அதனால தொழில் சாமானுக்கு தனியா ஒண்ணு எடுக்கணும். அதே தேதில வந்ததுதான் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா'. பேரப் பாத்து பயந்துடாதீங்க, ஒரே இடத்துல இருக்கிற தொழில் சொத்து மொத்தம் 5 கோடி வரைக்கும்னு உச்ச வரம்புதான் வச்சிருக்காங்க, ரெண்டு மிஷின் வச்சிருக்கிறவங்களும் கேக்கலாம். மிஷின், ஸ்டாக், ஃபர்னிச்சர் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா தொகை போடணும். இங்க பிரீமியம் மிச்சம் பண்றேன்னு கொறச்சுப் போடாதீங்க. 15% வரைக்கும் கொறைவா இருந்தா கண்டுக்க மாட்டாங்க, அதுக்கு மேல போனா கை வைப்பாங்க. 3 லட்சம் சாமானுக்கு ஒன்றரை லட்சம்தான் போட்டிருக்கீங்கன்னா, 1 லட்சம் நஷ்டத்துக்கு கைக்கு வர்றது பாதிதான். ஸ்டாக்குக்கு விக்கிற விலைய போட்டாலும் பிரயோஜனம் இல்ல, லாபத்த தர மாட்டாங்க.

நான் கோட்டை விட்டது இன்னொண்ணு, கஸ்டமர் பொருள். தைக்க குடுத்த புடவை, ரிப்பேருக்கு வந்த லேப்டாப், கமிஷனுக்கு விக்க வாங்கி வச்ச நகை செட்டு, இதெல்லாம் நம்ம வீட்ல இருந்தாலும் நம்ம சொத்து இல்லயே. "மத்தவங்க பொருளும் என் பொறுப்புல இருக்கு, இவ்வளவு மதிப்புக்கு"ன்னு சொல்லி அத பாலிசி ஷெட்யூல்ல, அதாவது எதுக்கு எவ்வளவு கவர்னு இருக்கிற பக்கத்துல, எழுத வைக்கணும், ஏஜென்ட் "அதெல்லாம் வந்துடும் மேடம்"னு வாயால சொல்றது செல்லாது, பேப்பர்ல வரியா இருக்கணும், இல்லன்னா தீபாவளி நேரத்துல முப்பது பேர் புடவைக்கு நீங்க கைக்காசு குடுக்க வேண்டி வரும். எனக்கு 41 ஆயிரம் போச்சு.

திருட்டும் அப்படித்தான். இந்த ரெண்டு பாலிசியுமே அடிப்படைல தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் மாதிரி விஷயத்துக்கு. அப்படி ஏதாவது நடந்து 7 நாளுக்குள்ள சாமான் திருடு போனாதான் தருவாங்க. சும்மா ஒரு நாள் பூட்ட ஒடச்சு எடுத்துட்டுப் போனா அதுக்கு பர்க்ளரி கவர் தனியா வேணும், கிளெய்ம் பண்ண எஃப்ஐஆர் வேணும். தனித்தனியா அலைய முடியாதுன்னா ஷாப்கீப்பர் பாலிசின்னு கேளுங்க, தீ, திருட்டு, பணம், வர்றவங்க வழுக்கி விழுந்தா நஷ்ட ஈடு எல்லாம் ஒரே கட்டா வரும். வீட்டுக்கு ஆள் வந்து போற பியூட்டி பார்லர், டியூஷன் நடத்துறவங்களுக்கு இதுதான் சரின்னு எனக்குத் தோணுது.

விண்ணப்பத்துல உண்மைய எழுதுங்க. வீட்டு பாலிசி ஏற்கனவே இருந்தா கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க, "இந்த வீட்ல ஒரு ரூம்ல தையல் தொழில் பண்றேன், இத்தன மிஷின் இருக்கு"ன்னு, பதிலையும் எழுத்துலயே வாங்கிக்கங்க. பிரீமியம் கொஞ்சம் கூடுதலா கேப்பாங்க, இல்ல நிபந்தனை போடுவாங்க, பரவால்ல. வாடகை வீடுன்னா கட்டடம் ஓனர் கவலை, நீங்க சாமானுக்கு மட்டும் எடுக்கலாம், ஆனா தொழில் பண்றத ஓனர்கிட்ட சொல்லிட்டு எடுங்க. சிறு தொழில்களுக்கு அரசாங்கம் குடுக்குற உத்யம் பதிவு ஆன்லைன்ல இலவசம், ஆதாரும் பான் கார்டும் வேணும், தொழில் அந்த அட்ரஸ்லதான் நடக்குதுன்னு காட்ட உதவும். சாப்பாடு செஞ்சு விக்கிறவங்க எஃப்எஸ்எஸ்ஏஐங்கிற உணவுப் பாதுகாப்பு பதிவையும் வச்சுக்கங்க, இன்னொண்ணு, வீட்டு 14.2 கிலோ சிலிண்டர்ல வியாபாரத்துக்கு சமைக்கிறது சட்டப்படியே தப்பு, தீ விபத்துன்னு வந்தா முதல்ல அதத்தான் பாப்பாங்க, 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டருக்கு மாறிடுங்க.

பேங்க் லோன்ல மிஷின் வாங்கியிருந்தா அவங்களே இன்சூரன்ஸ் போட்டு அக்கவுண்ட்ல பணம் எடுத்திருக்கலாம். அந்த பாலிசிய கேட்டு வாங்கி அட்ரஸ் சரியா இருக்கான்னு பாருங்க.

இன்னிக்கே செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு: ஒவ்வொரு மிஷினையும் சீரியல் நம்பரோட போட்டோ, பில்லு போட்டோ, ஆர்டர் நோட்டு பக்கம், எல்லாத்தையும் கூகுள் டிரைவ்ல ஏத்திடுங்க. என் பில்லெல்லாம் அதே தண்ணிலதான் ஊறிச்சு. ஏதாவது நடந்தா உடனே கம்பெனிக்கு சொல்லுங்க, சர்வேயர் பாக்குற வரைக்கும் நாறுனாலும் நனஞ்சத தூக்கிப் போடாதீங்க.

அதுக்கும் மீறி கிளெய்ம மறுத்தா கம்பெனிக்கு எழுத்துல புகார் குடுங்க. 30 நாள்ல பதில் வரல, இல்ல பதில் சரியில்லன்னா இன்சூரன்ஸ் புகார விசாரிச்சு தீர்த்து வைக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன்கிட்ட போகலாம், ஒரு வருஷத்துக்குள்ள போயிடணும். ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேணாம், 50 லட்சம் வரைக்கும் கேக்கலாம், சொந்தப் பேர்ல சின்னதா தொழில் பண்றவங்களுக்கும் உண்டு. நம்ம தமிழ்நாட்டுக்கு ஆபீஸ் சென்னைலயே இருக்கு.